பாம்பு மருந்து தெளிப்பதற்கு முன்

ஏரிக்கரையை ஒட்டிய மனையில் புது வீடு, இரண்டு வயதிலும் ஆறு வயதிலும் பிள்ளைகள், பக்கத்து மனையில் போன வாரம் பாம்பு. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் வீட்டைச் சுற்றி எந்த மருந்தைத் தெளித்தால் பாம்பு வராது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எதையும் தெளிக்காதீர்கள். பாம்பை விரட்டும் என்று நிரூபணமான மருந்து எதுவும் இல்லை. கடையில் கேட்டால் பெரும்பாலும் கார்பாலிக் ஆசிட் பாட்டிலை எடுத்துக் கொடுப்பார்கள். அது பீனால். தோலில் பட்டால் வெந்துபோகும், தோல் வழியாகவே உடம்புக்குள்ளும் ஏறும், குழந்தை ஒரு வாய் குடித்தால் உயிருக்கு ஆபத்து. வருமோ வராதோ தெரியாத பாம்புக்காக, விஷம் என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி வாசலில் வைத்த கதையாகிவிடும். பூண்டுத் தண்ணீர் தெளிக்கச் சொல்வார்கள். அது பாம்பையும் ஒன்றும் செய்யாது, உங்களையும் ஒன்றும் செய்யாது.

உங்கள் கேள்வியைத் தாண்டிக் கொஞ்சம் பேசுகிறேன். அவசர சிகிச்சைப் பிரிவில் பல ஐப்பசி கார்த்திகைகளைப் பார்த்தவன் நான். மழைக்காலத்தில் பிள்ளைகள் விஷம் உண்டு வருவதில் பெரும்பகுதி, நாம் வேறு ஏதோ தொல்லைக்கு வாங்கி வைத்த மருந்தால்தான். எலிக்கு வைத்தது, கொசுவுக்கு மாட்டியது, சளிக்குத் தடவியது, வெள்ளம் வடிந்தபின் தரை கழுவ வாங்கியது. பாம்பைப் பற்றிக் கேட்பவர்கள் இவற்றைப் பற்றிக் கேட்பதில்லை.

முதலில் பாம்பையே முடித்துவிடுவோம். மழைத்தண்ணீர் வளைக்குள் இறங்கினால் எலி மேட்டைத் தேடும், எலி போன வழியே பாம்பும் போகும். ஆகவே நீங்கள் தடுக்க வேண்டியது எலியை. புது வீடு என்றால் கட்டி மீந்த செங்கல், ஜல்லி, சென்ட்ரிங் பலகை எல்லாம் சுவர் ஓரமாகவே கிடக்கும். அதுதான் முதல் புகலிடம். மழைக்கு முன் அதை அகற்றிவிடுங்கள், வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். ஏசி குழாய் போகும் ஓட்டை, குளியலறைத் தண்ணீர் வெளியேறும் துவாரம், வாசற்கதவுக்கும் தரைக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி, இந்த மூன்றையும் வலையோ சிமெண்டோ வைத்து அடையுங்கள். ஜன்னலைத் தொடும் கொடிகளை வெட்டிவிடுங்கள். நாய்க்கு வைத்த சோற்றை இரவில் வெளியே விட்டுவைத்தால் எலிக்கு அழைப்பு வைத்த மாதிரி.

இந்தியாவில் ஆளைக் கொல்லும் கடிகளில் பெரும்பாலானவை நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கினுடையவை. மருத்துவமனையில் உள்ள விஷமுறிவு மருந்து இந்த நான்குக்கும் சேர்த்துத் தயாரிக்கப்படுவது. அதற்கான விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்களில் முக்கியமானவர்கள் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில்தான் இருக்கிறார்கள்.

நான்கில் வீட்டுக்குள் நான் அஞ்சுவது கட்டுவிரியனுக்கு. அது இரவில் திரிவது. தரையில் பாய் விரித்துத் தூங்குபவர்களைத்தான் பெரும்பாலும் கடிக்கும். பல் மிகச் சிறியது என்பதால் கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ இருக்காது, தடயமே தெரியாமலும் போகலாம். விடியற்காலையில் பிள்ளை வயிற்று வலி என்று எழுந்து அழும், ஒரு முறை வாந்தி எடுக்கும். வீட்டில் அஜீரணம் என்று ஓமத்தண்ணீர் கொடுத்துவிட்டு, விடியட்டும் என்று உட்கார்ந்திருப்பார்கள். கண் இமை தானாகக் கீழே சரிகிறதா, எச்சில் விழுங்க முடியவில்லையா, பேச்சு குழறுகிறதா என்று பாருங்கள். அடுத்து மூச்சுத் தசைகள் செயலிழக்கும். தரையில் படுத்த பிள்ளைக்கு மழைக்கால இரவில் காரணம் தெரியாத வயிற்று வலியோடு இமை சரிந்தால், பாம்புக்கடி என்றே வைத்துக்கொண்டு கிளம்புங்கள். கட்டில், அதன்மேல் ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகிய கொசுவலை: கட்டுவிரியனுக்கு இதைவிட நல்ல தடுப்பு எனக்குத் தெரியாது. கொசுவுக்கும் அதுவே ஆகிவிடும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கடித்துவிட்டால்: கடிபட்ட கை கால்களில் உள்ள கொலுசு, மெட்டி, மோதிரம், வளையல், கயிறு எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாது, இரத்த ஓட்டம் நின்று விரலே போய்விடும். கை கால் அசையாதபடி ஒரு பலகையோ மடித்த அட்டையோ வைத்து, துப்பட்டாவால் தளர்வாகக் கட்டுங்கள். நடக்க விடாதீர்கள், தூக்கிக்கொண்டு போங்கள். இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, மிளகாய் தின்னக் கொடுத்துக் காரம் தெரிகிறதா என்று பார்ப்பது எதுவும் வேண்டாம். பாம்பை அடித்துப் பையில் போட்டு எடுத்து வரவும் வேண்டாம். இரண்டாவது கடி அப்படித்தான் வாங்குவார்கள். பாம்பு எது என்று தெரியாவிட்டாலும், சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தத்தை எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து உறைகிறதா என்று பார்த்தே கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் விஷத்தை மருத்துவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பெற்றோர்கள் பதறும் ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வயதுப் பிள்ளைக்கும் பெரியவர்களுக்குத் தரும் அதே அளவு விஷமுறிவு மருந்தைத்தான் ஏற்றுவார்கள். பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைத்துச் செலுத்துவதில்லை, சின்ன உடம்பு என்பதால் பாதிப்புதான் கூடும். 'இத்தனை குப்பியா' என்று அங்கே வாக்குவாதம் செய்து நேரத்தைப் போக்காதீர்கள். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய ஒன்றாக ஆக்கிவிட்டது. எந்த ஊரில் எத்தனை கடி என்ற கணக்கு சரியாக வந்தால், அங்கே மருந்து இருப்பில் இருக்கும்.

இனி எலி மருந்து. எனக்கு இதுதான் பெரிய கவலை. பற்பசை போல் டியூபில் வரும் எலிப்பசையில் இருப்பது மஞ்சள் பாஸ்பரஸ். தமிழ்நாடு இதைத் தடை செய்திருக்கிறது, ஆனாலும் பழைய டியூப் ஒன்று பரணில் கிடக்காது என்று சொல்ல முடியாது. தக்காளியிலோ தேங்காய்ச் சில்லிலோ தடவி மூலையில் வைப்பார்கள், தவழும் பிள்ளைக்கு எட்டும் உயரம் அதுதான். இந்த விஷத்தின் கொடுமை அதன் போக்கில் இருக்கிறது. முதல் நாள் வாந்தி, வயிற்று வலி. பிறகு ஓரிரு நாள் எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி பிள்ளை விளையாடும். அதற்கப்புறம் கண் மஞ்சளாகும், அப்போது ஈரல் கெட்டுப்போயிருக்கும். இதற்கென்று நேரடியான மாற்று மருந்து கிடையாது. 'நன்றாகத்தானே இருக்கிறான்' என்று வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. கட்டியாக வரும் எலி மருந்துகளில் பல வேறு வகை. இரத்தம் உறையாமல் செய்பவை, இரண்டு மூன்று நாள் கழித்து ஈறிலிருந்தோ மூக்கிலிருந்தோ இரத்தம் வரும். அதற்கு வைட்டமின் கே இருக்கிறது, பிழைக்க வைக்கலாம். எனவே அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் சிகிச்சை.

வண்டு மாத்திரை என்று அரிசி மூட்டையில் வைக்கிறார்களே, அது அலுமினியம் பாஸ்பைடு. 3 கிராம் மாத்திரை ஈரக்காற்று பட்டால் 1 கிராம் பாஸ்பீன் என்ற நச்சு வாயுவை வெளியே விடும். மழைக்கால ஈரமே போதும். சட்டப்படி இதைப் பொதுமக்களுக்கு விற்கவே கூடாது. மூடிய அறையில், அடுத்த அறை மூட்டையிலிருந்து கசிந்தால்கூட ஆபத்து. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் ஒரு வீட்டில் பூச்சி ஒழிப்பு ஆட்கள் எலி மருந்து வைத்துப் போனபின், அந்தக் குடும்பம் ஏசி போட்டுக் கதவடைத்துத் தூங்கியது. இரண்டு குழந்தைகள் இறந்தார்கள், பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பூச்சி ஒழிப்பு ஆட்களை அழைக்கிறீர்கள் என்றால், என்ன மருந்து, எத்தனை மணி நேரம் வீட்டில் இருக்கக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். சொல்லத் தயங்குகிற ஆளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். எனக்குக் கேட்டால், எலிக்குப் பழைய மரப்பொறிதான். பிடிபட்டதைத் தூக்கிப்போட அருவருப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

அடுத்து பூஜை அலமாரி. கார்த்திகையில் மாலை போடுகிற வீடு என்றால் கற்பூரம் டப்பா டப்பாவாக இருக்கும். பார்க்கக் கற்கண்டு மாதிரி, மணமாகவும் இருக்கும். கற்பூரம் விழுங்கிய குழந்தைக்கு சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். ஒரு கிராம் அளவே சின்னப் பிள்ளையைக் கொன்றதாக மருத்துவப் பதிவு உண்டு. சளிக்கு என்று துணியில் முடிந்து கழுத்தில் கட்டிவிடுகிற வழக்கம் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இருந்தால், பக்குவமாகச் சொல்லி நிறுத்துங்கள். பிள்ளை அதை வாயில் வைத்துச் சப்பும். நீலகிரித் தைலமும் அப்படியே, ஒரு தேக்கரண்டி உள்ளே போனாலே மயக்கமும் வலிப்பும் வரலாம். ஆவி பிடிக்கத் தைலத்தை ஊற்றிவிட்டு மூடாத பாட்டிலைத் தரையிலேயே வைத்துவிடுவதுதான் வழக்கமாக நடப்பது. பீரோவில் போடும் பாச்சை உருண்டை இன்னொன்று. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஒரு நொதி குறைவாக இருக்கும், அவர்கள் அதை விழுங்கினால் இரத்த அணுக்கள் உடைந்து சிறுநீர் காப்பி நிறத்தில் போகும்.

பிளக்கில் மாட்டும் கொசு மருந்துத் திரவத்தில் கொசுவைக் கொல்லும் பொருள் கொஞ்சம்தான், மீதி மண்ணெண்ணெய் போன்ற கரைப்பான். பிள்ளை குடித்தால் வயிற்றைவிட நுரையீரலுக்குத்தான் ஆபத்து. விரலை விட்டு வாந்தி எடுக்க வைத்தால், வயிற்றில் இருந்ததை நீங்களே நுரையீரலுக்கு அனுப்பிவிடுவீர்கள். புது வீட்டில் பெயிண்டர் விட்டுப்போன தின்னர், டர்பன்டைன் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே தேடுங்கள். நிச்சயம் ஒரு தண்ணீர் பாட்டிலில்தான் இருக்கும். இதனால்தான் கொசுவலையைப் பற்றிச் சொன்னேன். அதைக் குடிக்க முடியாது.

காய்ச்சல், இருமல் மருந்து பற்றியும் சொல்லியாக வேண்டும். 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுக் கரைப்பான் இருப்பதைத் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கண்டுபிடித்தது. அதைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்து கூடாது, ஐந்து வயது வரை பொதுவாகத் தேவையே இல்லை என்று மத்திய சுகாதாரத் துறை அப்போது அறிவுறுத்தியது. கலப்படம் அபூர்வமாக நடப்பது. அன்றாடம் நடப்பது பாராசிட்டமால் அளவுக் குழப்பம். பச்சிளம் குழந்தைக்கான சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 250. சிரப்புக்குச் சொன்ன 5 மில்லியை சொட்டு மருந்தில் எடுத்துக் கொடுத்தால் 500 மில்லிகிராம் போய்விடும். எடைக்கு ஏற்ப ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பதுதான் ஒரு வேளைக் கணக்கு. டெங்கு காலத்தில் காய்ச்சலுக்கு பாராசிட்டமால் தவிர வேறு வலி மருந்தை மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள், இரத்தக் கசிவு அதிகமாகும்.

வெள்ளம் வடிந்தபின் பிளீச்சிங் பவுடரும் கக்கூஸ் ஆசிட்டும் ஒரே வாளியில் சேரக் கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு. சின்னக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு கழுவுகிறவர் இருமி இருமி மூச்சு முட்டி விழுவார். ஒன்றால் கழுவி, நிறையத் தண்ணீர் விட்டு, மறுநாள் மற்றது.

கரண்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச், இருக்கிறதா என்று பாருங்கள். அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள், உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் அது வெறும் அலங்காரம். துணி காயப்போடும் கொடிக்கு இரும்புக் கம்பி வேண்டாம், நைலான் கயிறு போதும். மின்கம்பத்திலோ அதைத் தாங்கும் ஸ்டே கம்பியிலோ முனையைக் கட்டிய இரும்புக் கம்பியில் ஈரத்துணியைப் போட்டு இறப்பவர்கள் ஒவ்வொரு மழைக்கும் இருக்கிறார்கள். தெருவில் கம்பி அறுந்து கிடந்தால் பக்கத்தில் போகாதீர்கள், ஈரத்தரை வழியாகவே கரண்ட் பாயும். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். வீட்டில் ஆள் கரண்டில் ஒட்டிக்கொண்டிருந்தால் முதலில் மெயினை அணையுங்கள், பிறகு தொடுங்கள். கரண்ட் போனால் ஜெனரேட்டரை வராண்டாவிலோ படிக்கட்டடியிலோ ஓட்ட வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி என்றால் வெளியே ஓடுங்கள். விடுமுறைக்கு ஊட்டியோ கொடைக்கானலோ போனால் கரி அடுப்பை அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ வைத்துத் தூங்காதீர்கள். குளிருக்கு அப்படிச் செய்து காலையில் எழாமல் போனவர்கள் இருக்கிறார்கள்.

வெளியே, உங்கள் ஆறு வயதுப் பிள்ளைக்கு. வேலியோரத்தில் காட்டாமணக்கு இருந்தால் வெட்டிவிடுங்கள். அதன் கொட்டை வேர்க்கடலை போல் ருசிக்கும், ஒருவன் தின்றால் கூட இருப்பவர்களும் தின்பார்கள், ஒரு வகுப்பே வாந்தியோடு வந்து நிற்கும். குண்டுமணியை முழுசாக விழுங்கினால் ஓடு கெட்டி என்பதால் பெரும்பாலும் அப்படியே வெளியே போய்விடும். கடித்தாலோ ஊசியால் துளையிட்டாலோ விஷம். மஞ்சள் அரளிக் காய் இதயத் துடிப்பைக் குலைக்கும். நம் மாநில மலரான செங்காந்தள் மழையில்தான் தழைத்துப் பூக்கும், அதன் கிழங்கைப் பார்த்தால் வள்ளிக்கிழங்கு என்று தோன்றும். கண்வலிக்கிழங்கு என்று திண்டுக்கல், கரூர்ப் பக்கம் மருந்துக்காகப் பயிரிடுவது இதைத்தான். உள்ளே இருக்கும் கோல்சிசின் என்ற நச்சு சில மணி நேரம் கழித்து வாந்தி பேதியாகத் தொடங்கும், இரண்டு மூன்று நாளில் உறுப்பு ஒவ்வொன்றாகச் செயலிழக்கும்.

காளான் பற்றி ஒரே பேச்சு. விஷக் காளானை மஞ்சளோடு வேகவைத்தால் கறுக்கும், பூச்சி அரித்தது நல்லது என்பதெல்லாம் நம்ப முடியாத சோதனைகள். ஏரிக்கரையில் பறித்தது வேண்டாம், சந்தையில் வளர்ப்புக் காளான் கிடைக்கிறது. சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்கு மேல் கழித்து வாந்தி தொடங்கினால் அதுதான் அதிக ஆபத்து, ஈரலைத் தாக்கும் வகையாக இருக்கலாம்.

விஷத்தைவிட எனக்கு உங்கள் சம்ப் மூடிதான் பயம் என்றால் மிகையில்லை. இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு வாளித் தண்ணீரே ஆபத்து. ஏரியில் மண் எடுத்த பள்ளங்கள் மழையில் நிரம்பினால் மேலே பார்க்க எல்லாம் ஒரே மட்டமாகத் தெரியும், கால் வைத்த இடத்தில் இரண்டு ஆள் ஆழம் இருக்கும்.

பிள்ளை எதையாவது விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தால் வாயில் மிச்சம் இருப்பதைத் துடைத்து எடுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்பே குழந்தைக்கு விஷமாகிவிடும். பாலும் முட்டையின் வெள்ளையும் வேண்டாம். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவுங்கள், உடையில் பட்டால் உடையைக் கழற்றிவிட்டுக் குளிப்பாட்டுங்கள். 108க்கு அழையுங்கள். டெல்லி எய்ம்ஸில் இயங்கும் விஷத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. பாட்டிலோ அட்டையோ இலையோ கையில் இருக்கட்டும், எப்போது விழுங்கியது என்ற நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று. மழை தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உங்கள் வீட்டிலிருந்து இரவிலும் மருத்துவர் இருக்கும் அரசு மருத்துவமனை வரை வண்டியில் போய்ப் பாருங்கள். பாம்புக்கடி மருந்து அங்கே இருப்பில் உண்டா, குழந்தைக்கு செயற்கை சுவாசம் கொடுக்கும் வசதி உண்டா, இல்லையென்றால் எங்கே அனுப்புவார்கள் என்று கேளுங்கள். வழியில் எந்த சுரங்கப்பாதையில் மழைக்குத் தண்ணீர் நிற்கும் என்பதை டீக்கடைக்காரர் சொல்வார். அந்த வழி அடைபட்டால் வேறு எது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.